லேத் பட்டறையில் துப்பாக்கியைக் கொடுக்கலாமா?

கேள்வி: அப்பா காலத்து பெல்ஜியம் ரெட்டைக்குழல் துப்பாக்கி, 12 போர் (குழல்வாயின் அளவு). லைசென்ஸ் என் பேருக்கு மாறிவிட்டது. இடது குழல் வெடிப்பதில்லை, மடக்கும் இடத்தில் ஆட்டம். கோயம்புத்தூர் ரிப்பேர்காரர் லைசென்ஸைக் காட்டச் சொல்கிறார், ‘பிரித்துப் பார்க்காமல் கூலி சொல்ல மாட்டேன்’ என்கிறார். பக்கத்து ஊர் லேத்காரர் ஒரே நாளில் முடித்து, குழலில் நாலு அங்குலம் வெட்டி இலகுவாக்கியும் தருகிறாராம். யாரிடம் கொடுக்க? மகனிடம் கொடுத்து அனுப்பலாமா?
- வாசகர், கொழிஞ்சாம்பாறை (பாலக்காடு)

பதில்: கோயம்புத்தூர்காரர் உங்களைச் சந்தேகப்படவில்லை ஐயா, தொழிலை ஒழுங்காகச் செய்கிறார். லைசென்ஸ் பார்க்காமல் துப்பாக்கியை வாங்கி வைக்கிறவர் நாளைக்கு உங்களுடையதை யாரிடம் கொடுப்பாரோ!

1959 ஆயுதச் சட்டப்படி துப்பாக்கி ரிப்பேர் செய்யவே தனி லைசென்ஸ் வேண்டும் (5-வது பிரிவு). குழலை வெட்டிக் குட்டையாக்குவதற்கு 6-வது பிரிவு தனியாக நிற்கிறது. 2019 திருத்தத்துக்குப் பிறகு இந்த இரண்டில் எதை மீறினாலும் குறைந்தது ஏழு வருஷம், கூடினால் ஆயுள். வெட்டச் சொன்ன நீங்கள் வேடிக்கை பார்த்ததாக போலீஸ் எழுதிக்கொள்ளாது. சட்டத்தை விடுங்கள், ‘சோக்’ என்கிற இறுக்கம் இருப்பதே குழலின் வாய்ப்பக்கம் கடைசி ஓரிரு அங்குலத்தில்தான். அதை வெட்டினால் ரவை சல்லடை மாதிரி சிதறும்.

ஆட்டத்தை ஒரே நாளில் எப்படி எடுப்பார் என்று எனக்குத் தெரியும். ஆயுதப்படை ஒர்க்‌ஷாப்பில் இருந்தபோது இப்படி வந்ததைப் பார்த்திருக்கிறேன். குழல் கீலில் மாட்டுகிற அடிக்கொக்கியைச் சுத்தியலால் தட்டி நசுக்கிவிடுவார்கள். கொஞ்ச நாள் இறுக்கமாக நிற்கும், பத்துப் பதினைந்து தோட்டாவில் பழைய கதைதான். விஷயம் தெரிந்தவர் தேய்ந்த கீல்முள்ளை எடுத்து, ஒரு மயிரிழை பருமனாகப் புதுசு கடைந்து போடுவார். குழலின் பின்முகத்தில் விளக்குப்புகை படியவைத்து மூடித் திறப்பார். கரி ஒட்டின இடம் மட்டும் அரம் தொடும், மறுபடி புகை, மறுபடி அரம். இதற்கு நாள் பிடிக்கத்தான் செய்யும்.

கோயம்புத்தூர்காரரிடம் நீங்களும் கேளுங்கள். ரிப்பேர் லைசென்ஸைக் காட்டச் சொல்லலாம், கோபித்தால் வண்டியைத் திருப்புங்கள். ரசீதில் கம்பெனிப் பேர், போர், துப்பாக்கி எண், உங்கள் லைசென்ஸ் எண், தேதி எல்லாம் வேண்டும். எண் பொறித்த இடத்தில் பாலிஷ் போடவே விடாதீர்கள். அந்த எண்ணை அழிப்பது தனிக் குற்றம்.

பெல்ஜியம் என்றதால் இன்னொன்று. குழலைக் கழற்றி அடிப்பக்கம் பாருங்கள், லியேஜ் நகரத்துத் துப்பாக்கிச் சோதனைச்சாலை முத்திரை இருக்கும். பழைய துப்பாக்கி பலது கருமருந்துக்கு மட்டும் சோதித்தது, தோட்டா உட்காரும் அறையின் நீளமும் 65 மில்லிமீட்டர்தான். இன்றைக்குக் கடையில் கிடைப்பதோ பெரும்பாலும் 70 மில்லிமீட்டர், புகையில்லா மருந்துத் தோட்டா. நீளத்தோட்டா உள்ளே போய்விடும், வெடிக்கும்போதுதான் வாய் விரிய இடமில்லாமல் அழுத்தம் ஏறும். அறையை அளக்காமல், முத்திரையைப் படிக்காமல் ‘எதுவும் போடலாம்’ என்கிறவர் எவ்வளவு கைராசிக்காரராக இருந்தாலும் வேண்டாம். ‘இதை இனிமேல் சுடக்கூடாது’ என்று அவர் சொன்னால் சண்டை போடாதீர்கள், அந்த வார்த்தைக்கும் கூலி கொடுத்துவிட்டு வாருங்கள்.

திரும்ப வாங்கும்போது மாற்றின பழைய உதிரிகளைக் கேட்டு வாங்குங்கள். இரண்டு குழலும் சுட்டுப் பார்த்தாரா என்றும் கேளுங்கள்.

மகன் கொண்டுபோகலாம். ரிப்பேருக்கோ லைசென்ஸ் புதுப்பிக்கவோ என்றால், லைசென்ஸ்காரர் எழுத்தில் அனுமதி கொடுத்தவர் தனி லைசென்ஸ் இல்லாமலே எடுத்துப்போகச் சட்டத்தில் இடமுண்டு. துப்பாக்கி எண்ணோடு கடிதம் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள், தோட்டா ஒன்றுகூட அனுப்பாதீர்கள். ஆனால் உங்கள் லைசென்ஸ் எந்த எல்லை வரை செல்லும் என்று முதலில் பாருங்கள். கேரளத்துக்குள் மட்டும் என்றிருந்தால் வேலந்தாவளம் எல்லை தாண்டினதுமே வில்லங்கம். அப்படியானால் பாலக்காட்டுப் பக்கமே லைசென்ஸ் உள்ள ஆளைத் தேடுங்கள், அல்லது கலெக்டர் ஆபீஸில் எல்லையை நீட்டிக் கேளுங்கள்.

காட்டுப்பன்னிக்குத்தான் இத்தனை அவசரம் என்றால், துப்பாக்கி சரியானாலும் நீங்களாகச் சுட முடியாது. 2022-இலிருந்து கேரளத்தில் அதற்கு உத்தரவு கொடுக்கும் அதிகாரம் பஞ்சாயத்துத் தலைவருக்கு உண்டு. முதலில் அவரைப் பாருங்கள்.