கொரங்காட்டை உழுது நேப்பியர் போடலாமா?

கேள்வி: வெள்ளகோவில் பக்கம் எங்களுக்கு 5 ஏக்கர் கொரங்காடும் (வேலி அடைத்த மானாவாரி மேய்ச்சல் நிலம்), கிணற்றுப் பாசனத்தில் 1 ஏக்கரும் இருக்கின்றன. கறவையில் இரண்டு கலப்பினப் பசுக்கள், ஒரு காங்கேயம் பசு, பத்துச் செம்மறி ஆடுகள். மாசி பிறந்தாலே வைக்கோல் வாங்கத் தொடங்கிவிடுகிறோம். பால் காசு அதிலேயே போய்விடுகிறது. கொரங்காட்டை உழுது சூப்பர் நேப்பியர் என்ற தீவனப் புல்லைப் போட்டால் கட்டுப்படியாகுமா?

பதில்: உழாதீர்கள். ஆண்டுக்கு 600 மில்லிமீட்டரை ஒட்டி மழை, அதிலும் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையில் கொட்டிவிடும் பூமி உங்களுடையது. நேப்பியருக்குப் பத்து நாளுக்கு ஒரு தண்ணீராவது வேண்டும். 5 ஏக்கருக்கு அந்தத் தண்ணீர் கிணற்றில் இருந்தால் நீங்கள் இந்தக் கேள்வியையே கேட்டிருக்க மாட்டீர்கள். கொழுக்கட்டைப் புல்லும், வெள்வேல மரமும், கிளுவை வேலியும் சேர்ந்து நிற்கும் காட்டை ஒருமுறை கிழித்துவிட்டால் பழைய நிலைக்குக் கொண்டுவரப் பல ஆண்டுகள் ஆகும். மாடு தானே மேய்ந்துகொள்ளும் புல்லுக்கு அறுப்புக் கூலி கிடையாது, சுமை கூலி கிடையாது, சாணமும் காட்டிலேயே விழுகிறது. அதைவிட மலிவான தீவனம் இல்லை.

உங்கள் சிக்கல் புல் இல்லாதது அல்ல. மார்கழியில் மிஞ்சுவது சித்திரைக்கு வந்து சேராததுதான்.

முதலில் காட்டில் எவ்வளவு இருக்கிறது என்று அளந்து பாருங்கள். ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் கம்பிச் சட்டம் செய்து, மழை முடிந்ததும் காட்டில் ஏழெட்டு இடங்களில் போட்டு, உள்ளிருக்கும் புல்லை அறுத்துக் காயவைத்து எடை போடுங்கள். நன்றாக இருக்கும் இடத்தில் மட்டும் சட்டத்தைப் போடாதீர்கள், மொட்டைத் திட்டிலும் போட வேண்டும். சராசரி 300 கிராம் வந்தால் ஏக்கருக்கு 1,200 கிலோ காய்ந்த புல். அதில் பாதியைத்தான் எடுக்கலாம், மீதி வேருக்கும் மண்ணுக்கும். ஆக ஏக்கருக்கு 600 கிலோ. ஒரு காங்கேயம் பசு நாளொன்றுக்கு 8 கிலோ காய்ந்த எடை தின்னும் என்றால் அது 75 நாள் தீவனம். பத்துச் செம்மறிகளும் சேர்ந்து ஏறக்குறைய 10 கிலோ தின்னும். இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தால் காட்டுப் புல் எல்லாவற்றுக்கும் போதாது என்று தெரியும்; காங்கேயம் பசுவும் ஆடுகளும் கொரங்காட்டுக்கு, கலப்பின மாடுகள் பாசன நிலத்துக்கு என்று தானாகவே பிரிந்துவிடும்.

காட்டை ஐந்தாகப் பிரியுங்கள். நான்கில் வாரத்துக்கு ஒன்றாக மாற்றி மேயவிடுங்கள். புல் பத்து சென்டிமீட்டருக்குக் கீழே போனால் அடுத்த பகுதிக்கு ஓட்டிவிட வேண்டும். ஐந்தாவது ஏக்கரை ஆவணியிலேயே அடைத்துவிடுங்கள், அது உலர்புல்லுக்கு. எதை அடைப்பது என்பதை ஆண்டுதோறும் மாற்றுங்கள். நம் ஊரில் பெரிய சேதம் நடப்பது கோடையில் என்று நினைக்கிறோம், இல்லை. முதல் மழை விழுந்து பச்சை தெரிந்த அடுத்த நாளே மாட்டை ஓட்டிவிடுகிறோமே, அப்போதுதான். வேரில் சேர்த்து வைத்ததைச் செலவழித்துத் துளிர்க்கும் புல்லை அந்த நேரத்தில் கடித்தால் தூர் செத்துப்போகும். நான்கு வாரமாவது பொறுங்கள். அந்த நான்கு வாரத்துக்கும் சேர்த்துத்தான் காய்ந்த தீவனம் கையில் இருக்க வேண்டும்.

உலர்புல்லில் எல்லாமே அறுக்கும் நாளைப் பொறுத்தது. பூ எடுக்கும் பருவத்தில் அறுத்த கொழுக்கட்டைப் புல்லில் புரதம் 8 சதவீதத்தை ஒட்டி இருக்கும். விதை உதிர்ந்து மஞ்சளான பிறகு அறுத்தால் ஏறக்குறைய அதில் பாதிதான். வைக்கோலில் 3 முதல் 4 சதவீதம். அதாவது, காத்திருந்து முற்றவிட்டு அறுப்பவர் சொந்தக் காட்டிலேயே வைக்கோல் தயாரிக்கிறார். எடை கூடட்டும் என்ற ஆசையில்தான் பலரும் இப்படி ஏமாறுகிறார்கள். கார்த்திகைக் கடைசியில் இரண்டு மூன்று நாள் வெயில் நிலைத்ததும் அறுங்கள். மார்கழிப் பனி காயாமல் அரிவாளை எடுக்க வேண்டாம், காலை ஒன்பது மணிக்கு மேல் ஆகட்டும். மெல்லியதாகப் பரப்பி ஒரு நாளில் இரண்டு முறை புரட்டி, மாலையில் சிறு குவியலாகக் கூட்டி மூடி, மறுநாள் மறுபடி பரப்புங்கள். பச்சை நிறம் மங்காமல் காய வேண்டும்.

ஈரம் 15 சதவீதத்துக்குள் வந்துவிட்டதா என்று பார்க்கக் கருவி தேவையில்லை. காய்ந்த கண்ணாடிப் பாட்டிலில் ஒரு பிடி புல்லை நறுக்கிப் போட்டு, இரண்டு தேக்கரண்டி பொடி உப்பைச் சேர்த்து நன்றாகக் குலுக்குங்கள். உப்பு கட்டி கட்டியாக ஒட்டினால் இன்னும் ஒரு வெயில் வேண்டும். ஈரத்தோடு போர் போட்டால் உள்ளே சூடேறிப் பூஞ்சணம் பிடிக்கும். அப்படிப்பட்டதைக் கறவை மாட்டுக்குக் கொடுப்பதைவிடக் குப்பைக்குழியில் போடுவது லாபம்.

சரி, பாசன ஏக்கருக்கு வருவோம். 25 சென்டில் கம்பு நேப்பியர் (கம்பையும் நேப்பியரையும் சேர்த்த ஒட்டுப்புல்) போதும், கோ 5 நல்ல ரகம். புத்தகக் கணக்கில் எக்டேருக்கு ஆண்டில் 350 டன்னுக்கு மேல் சொல்வார்கள். அதில் பாதி வந்தாலும் நாளுக்கு 45 கிலோ கிடைக்கும். இன்னொரு 25 சென்டில் வேலிமசால், புரதம் மிகுந்த பயறு வகைத் தீவனச் செடி. விதையைக் கொதி தணிந்த வெந்நீரில், சுமார் 80 டிகிரியில், ஐந்து நிமிடம் வைத்துவிட்டுக் குளிர்ந்த நீரில் ஊறவைத்து விதையுங்கள், இல்லையென்றால் முளைப்பு ஏமாற்றும். 90 நாளில் முதல் அறுப்பு, அப்புறம் 40 நாளுக்கு ஒன்று. மாட்டுக்கு ஐந்தாறு கிலோ வேலிமசால் போனால் புண்ணாக்குச் செலவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கலாம். பாலின் அளவைப் பார்த்துக்கொண்டே குறையுங்கள், ஒரேயடியாக வேண்டாம்.

மீதி 50 சென்டில் புரட்டாசியில் சோளம், அடர்த்தியாக. நெருக்கமாக விதைத்தால் தட்டை மெலிந்து சீக்கிரம் காயும், மாடு கழிக்காமல் தின்னும். பூ எடுத்த பிறகு அறுத்து, கட்டிச் சாய்த்து நிறுத்திக் காயவைத்துத் தட்டுப்போராகப் போடுங்கள். ஒன்று மட்டும் கவனம்: பூக்காத இளஞ்சோளத்தையும், மழையில்லாமல் வாடி மறுபடி துளிர்த்த சோளத்தையும் மாட்டுக்குக் காட்டாதீர்கள். அதிலுள்ள சயனைடு நஞ்சு ஒரு மணி நேரத்துக்குள் மாட்டைச் சாய்த்துவிடும்.

இவ்வளவுக்குப் பிறகும் கொஞ்சம் வைக்கோல் வாங்க வேண்டியிருக்கும். பங்குனியில் அல்ல, அமராவதிப் பாசனத்தில் நெல் அறுப்பு நடக்கும் நேரத்திலேயே வாங்கிவிடுங்கள். கட்டு எண்ணி வாங்காமல் எடை போட்டு வாங்குங்கள். இயந்திரக் கட்டுகளில் இறுக்கமும் ஈரமும் ஆளுக்கு ஆள் மாறும். விலையை ஒப்பிடும்போது காய்ந்த எடைக்குக் கணக்குப் போடுங்கள். வைக்கோல் கிலோ 8 ரூபாய் என்றால் காய்ந்த எடைக்கு ஏறக்குறைய 9 ரூபாய். பசும்புல் 3 ரூபாய்க்கு மலிவாகத் தெரியும், ஆனால் அதில் ஐந்தில் நான்கு பங்கு தண்ணீர், காய்ந்த எடைக்கு 15 ரூபாய் வந்துவிடும்.

வாங்கிய வைக்கோலை யூரியா ஊட்டம் செய்தால் புரதம் கூடும். 100 கிலோ வைக்கோலுக்கு 4 கிலோ யூரியா, 50 முதல் 60 லிட்டர் தண்ணீரில் முழுதாகக் கரைத்து, அடுக்கடுக்காகத் தெளித்து மிதித்து, காற்றுப் புகாமல் தார்ப்பாயால் மூடி 21 நாள் வையுங்கள். கொடுப்பதற்கு முன் ஒரு மணி நேரம் ஆறவிட வேண்டும். ஆறு மாதத்துக்கு உட்பட்ட கன்றுக்குக் கொடுக்கவே கூடாது. யூரியா கரைத்த தண்ணீர் மாடு வாய் வைக்கும் இடத்தில் இருக்கக் கூடாது.

ஆடுகளில் விற்க வேண்டியதை மாசிக்கு முன், உடம்போடு இருக்கும்போதே விற்றுவிடுங்கள். கோடையில் தீவனம் வாங்கிப்போட்டு வளர்க்கும் கிடாய் எடை ஏறுவதற்குள் தீவனக் காசைத் தின்றுவிடும். மீதி ஆடுகளுக்குச் சித்திரை, வைகாசியில் உதிரும் வெள்வேலங்காய் இருக்கிறது, புரதமுள்ள தீவனம். விறகுக்கென்று அந்த மரங்களை யாராவது விலை பேச வந்தால் திருப்பி அனுப்பிவிடுங்கள்.

காட்டின் மொட்டைத் திட்டுகளில் புரட்டாசி மழையோடு முயல் மசால் என்ற பயறு வகைத் தீவனச் செடியின் விதையும் கொழுக்கட்டை விதையும் தூவலாம். கொழுக்கட்டை விதை புதிதாக அறுத்ததாக இருக்கக் கூடாது. அதற்கு முளைக்காமல் கிடக்கும் ஆறேழு மாத உறக்கம் உண்டு, போன ஆண்டு விதையாகக் கேட்டு வாங்குங்கள்.