விடைத்தாளை நனைக்கும் உள்ளங்கை

கேள்வி: எனக்கு வயது 17. சிறுவயது முதல் உள்ளங்கைகளும் பாதங்களும் அளவுக்கு மீறி வியர்க்கின்றன. பரீட்சையில் விடைத்தாள் நனைந்து மை பரவுகிறது. மட்டக்களப்பு வெயில்தான் காரணமா?
– வாசகி, களுவாஞ்சிக்குடி

பதில்: வெயில் இதைக் கூட்டுமேயன்றி, மூலகாரணம் அதுவன்று, மார்கழி மழையிலும் உங்கள் கைகள் ஈரமாகவே இருந்திருக்கும். இளவயதில் தொடங்கி, இரு கைகளிலும் ஒத்த அளவில் தோன்றி, உறக்கத்தில் நின்றுவிடும் வியர்வை, பெரும்பாலும் சுரப்பிகளைத் தூண்டும் நரம்புகளின் மிகையான செயற்பாட்டால் வருவது. குடும்பத்தில் வேறெவருக்கேனும் இருப்பதும் வழக்கம். பயந்த சுபாவம் என்று பிறர் சொல்வதைப் பொருட்படுத்த வேண்டாம்.

முதற்படி, அலுமினியம் குளோரைட்டு கலந்த பூச்சு. இதை இரவில், முற்றாக உலர்ந்த தோலில் பூசிக் காலையில் கழுவ வேண்டும். ஈரத்தோலில் பூசி எரிவு கண்டு, மருந்தே கூடாதென்று கைவிடுவோர் பலர். அக்குளைவிட உள்ளங்கையில் இதன் பயன் சற்றுக் குறைவு என்பதால், தேவைப்பட்டால் தோல் வைத்திய நிபுணர், நீர்த்தட்டில் கைகளை வைத்து மென்மின்னோட்டம் செலுத்தும் சிகிச்சையையோ, சில மாதங்கள் பலன் தரும் பொட்டுலினம் ஊசியையோ பரிந்துரைப்பார். நரம்பைத் துண்டிக்கும் சத்திரசிகிச்சைக்கு அவசரப்படாதீர்கள். அதன்பின் முதுகிலும் வயிற்றிலும் வியர்வை பெருகக்கூடும்.

பரீட்சையில் கைக்கடியில் ஒற்றுத்தாள் வைத்து, குமிழ்முனைப் பேனாவால் எழுதுங்கள்; மேற்பார்வையாளரிடம் முன்கூட்டியே அனுமதி பெறுவது நல்லது.

உறக்கத்திலும் உடல் முழுவதும் வியர்த்தாலோ, எடை குறைந்தாலோ, படபடப்பு இருந்தாலோ, தைரொயிட்டு, காசநோய் போன்றவற்றுக்கான பரிசோதனையைத் தாமதிக்காமல் செய்வியுங்கள்.