ஒரு வெப் ஃபிரேம்வொர்க்கின் டாக்குமென்டேஷனை மேம்படுத்த வெளியாள் ஒருவரால் என்ன செய்ய முடியும்?

கேள்வி இதுதான்: வேலையில் ஒரு வெப் ஃபிரேம்வொர்க் (இணைய அப்ளிகேஷன் கட்ட உதவும் ஆயத்த கோட் தொகுப்பு) பயன்படுத்துகிறீர்கள், அதன் டாக்குமென்டேஷன் மோசமாக இருக்கிறது, அதை உருவாக்கும் கோர் டீமில் இல்லாத ஒருவர் அதைச் சரிசெய்ய எங்கே தொடங்குவது? நீங்கள் அதைத் தொட்டுச் சில வாரங்கள்தான் ஆகியிருக்கும் என்று நினைக்கிறேன். ஒரு வருடம் ஆனவர் இப்படிக் கேட்க மாட்டார். அதற்குள் எங்கெங்கே பள்ளம் என்று கால் பழகிவிடும், பள்ளம் இருப்பதே மறந்துவிடும்.

அதனால் மீதிப் பதிலைப் படிக்காவிட்டாலும் இதை மட்டும் செய்யுங்கள். ஒரு டெக்ஸ்ட் ஃபைலைத் திறந்து, எங்கே மாட்டிக்கொண்டீர்கள், அப்போது எந்தப் பக்கத்தைப் படித்துக்கொண்டிருந்தீர்கள், என்ன சொல் போட்டுத் தேடினீர்கள், கடைசியில் விடை எங்கே கிடைத்தது என்று எழுதி வையுங்கள். இந்தக் குழப்பம் உங்களிடம் இன்னும் இரண்டு மாதம் இருக்கும். அப்புறம் வேண்டும் என்று உட்கார்ந்தாலும் வராது.

நான் பெரிய பங்களிப்பாளர் இல்லை, முன்பே சொல்லிவிடுகிறேன். இதுவரை ஏற்கப்பட்ட என் பேட்ச்கள், அதாவது திருத்தங்கள், மொத்தம் 14. அதில் ஐந்து வெறும் எழுத்துப்பிழை. ஆனால் முதல் பேட்ச்சுக்கு நான் பட்ட பாடு இருக்கிறதே, அதைச் சொல்லாமல் இந்தக் கேள்வியைத் தாண்டிப் போக முடியவில்லை.

2020-இல் ஒரு ஃபிரேம்வொர்க்கில் சின்னதாக ஒரு அப்ளிகேஷன் செய்தேன். பெயர் வேண்டாம். பிரபலமான ஃபிரேம்வொர்க்கான ஜாங்கோ இல்லை என்று மட்டும் சொல்கிறேன், இல்லையென்றால் சண்டைக்கு வருவீர்கள். டியூட்டோரியல் அருமையாக இருந்தது. மாலையில் தொடங்கி இரவுச் சாப்பாட்டுக்குள் என் கணினியில் எல்லாம் ஓடியது. மறுநாள் சர்வரில் ஏற்றினேன். பக்கம் வந்தது, அலங்காரம் வரவில்லை. பக்கத்தின் தோற்றத்தைத் தரும் சிஎஸ்எஸ் ஒன்றும் ஏறாமல், நீல நிற லிங்க்குகளும் கறுப்பு எழுத்தும் மட்டும், பூச்சு வேலை நடக்காத வீடு மாதிரி நின்றது.

காரணம் இன்று உங்களுக்குச் சிரிப்பாக இருக்கலாம். கணினியில் நாம் ஓட்டும் டெவலப்மென்ட் சர்வர், சிஎஸ்எஸ், படம் போன்ற ஸ்டாட்டிக் ஃபைல்களைத் தானே எடுத்துக் கொடுத்துவிடும். பிழை தேடுவதற்கான டீபக் மோடை அணைத்ததும் அந்த வேலையை விட்டுவிடும். நிஜ சர்வரில் அந்த ஃபைல்களை ஒரு கட்டளை கொடுத்து ஒரே ஃபோல்டரில் சேர்த்து, அதை இஞ்ஜின்எக்ஸ் மாதிரி ஒரு வெப் சர்வரிடம் ஒப்படைக்க வேண்டும். இது டாக்குமென்டேஷனில் இல்லாமல் இல்லை. செட்டிங்ஸ் பட்டியலில், அகர வரிசையில், ஏதோ ஒரு செட்டிங்கின் விளக்கத்தில் மூன்றாவது வாக்கியமாக இருந்தது. டியூட்டோரியலின் கடைசிப் பக்கத்திலோ, “இனி உங்கள் அப்ளிகேஷனை எளிதாக சர்வரில் ஏற்றலாம்” என்று ஒரு வரி.

அந்த “எளிதாக”வைப் பார்க்கும்போதெல்லாம் எரிச்சல் வந்தது. எனக்கு இரண்டு இரவு போயிற்று. எளிதான ஒன்று நமக்கு வரவில்லையென்றால் தப்பு நம்மிடம்தான் என்று நினைத்துக்கொண்டு வேறு ஆளிடம் கேட்கக்கூட மாட்டோம். ஜாங்கோவின் டாக்குமென்டேஷன் எழுதுவோருக்கான வழிகாட்டியில், “எளிதாக”, “சும்மா”, “வெறுமனே” போல வேலையின் கடினத்தைக் குறைத்துக் காட்டும் ஆங்கிலச் சொற்களைத் தவிர்க்கப் பாருங்கள் என்றே எழுதி வைத்திருக்கிறார்கள். அதைப் பின்னால் படித்தபோது யாரோ என் தோளில் தட்டியது போல இருந்தது.

சரி, டியூட்டோரியல் முடிவில் சேர்க்க மூன்று வரி எழுதி, இதைச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று கேட்கும் புல் ரிக்வெஸ்ட் அனுப்பினேன். அனுப்பிய மாதம் அக்டோபர். அந்த அக்டோபரில் என்ன நடந்தது என்று சிலருக்கு நினைவிருக்கும். நான்கு புல் ரிக்வெஸ்ட் அனுப்பினால் டி-ஷர்ட் என்று ஒரு நிகழ்வு. ஆளாளுக்கு ப்ராஜெக்ட்டின் அறிமுக ஃபைலான ரீட்மீயில் “அருமையான ப்ராஜெக்ட்” என்று இரண்டு சொல் சேர்த்து ஆயிரக்கணக்கில் அனுப்பித் தள்ளினார்கள். ப்ராஜெக்ட்டைப் பராமரிக்கும் மெயின்டெய்னர்கள் கொதித்துப் போயிருந்தார்கள். என் மூன்று வரியும் அந்தக் குப்பையோடு போயிற்று. பதினொரு நிமிடத்தில் மூடிவிட்டு “ஸ்பேம்” என்று லேபிள் ஒட்டினார்கள். எனக்கு டி-ஷர்ட் வேண்டாம் என்று கீழே எழுதினேன். அதற்கு ஒருவர் சிரிப்பு எமோஜி போட்டார்.

அவர்கள் மேல் முழுத் தப்பும் இல்லை. இப்போது யோசித்தால், நான் அனுப்பியது வரிகளை மட்டும். ஏன் அந்த வரிகள் தேவை என்று ஒரு சொல் இல்லை. பார்ப்பவருக்கு அது இன்னொரு ஒப்பனைத் திருத்தம்.

டிசம்பரில் கோபம் ஆறியபின் ஒரு இஷ்யூ, அதாவது பிரச்சினையைச் சொல்லும் பதிவு, எழுதினேன். இந்தப் பக்கம் வரை படித்தேன், இந்தக் கட்டளைகளைக் கொடுத்தேன், இது நடக்கும் என்று எதிர்பார்த்தேன், இது நடந்தது, விடை இந்தப் பக்கத்தின் அடியில் கிடைத்தது. அவ்வளவுதான். வேறொரு மெயின்டெய்னர் வந்து ஒரே கேள்வி கேட்டார்: “மாட்டிக்கொண்டபோது முதலில் எந்தப் பக்கத்தைத் திறந்தீர்கள்?” சர்வரில் ஏற்றுவதைச் சொல்லும் டிப்ளாய்மென்ட் பக்கத்தை என்றேன். அப்படியென்றால் வரிகள் அங்கேதான் வேண்டும், டியூட்டோரியலில் அதற்கு ஒரு லிங்க் போதும் என்றார்.

எனக்கு அப்போது ஒப்பவில்லை. எல்லாவற்றையும் டியூட்டோரியலிலேயே சொன்னால் என்ன என்று வாதாடினேன். அவர் சொன்னதே சரி என்று பிறகு புரிந்தது. டானியேலே ப்ரோசிடா என்பவர் டாக்குமென்டேஷனை நான்கு வகையாகப் பிரிப்பார்: கைப்பிடித்து நடத்தும் டியூட்டோரியல், ஒரு குறிப்பிட்ட வேலையை முடிக்கும் வழிமுறை, தகவலைத் தேடி எடுக்கும் ரெஃபரன்ஸ், ஏன் இப்படி என்று சொல்லும் விளக்கம். டயாடாக்சிஸ் என்று தேடினால் கிடைக்கும். ஜாங்கோவின் டாக்குமென்டேஷனும் கிட்டத்தட்ட இந்த நான்காகத்தான் பிரிந்திருக்கிறது. டியூட்டோரியல் படிப்பவருக்கு ஒரே பாதை வேண்டும். நடுவில் “நீங்கள் இந்த சர்வர் என்றால் இப்படி, அந்த சர்வர் என்றால் அப்படி” என்று கிளை பிரித்தால் தொலைந்துவிடுவார். என் மூன்று வரி சரியானவை, நான் வைக்கப் பார்த்த இடம் தப்பு. வார்த்தைகளைவிட அவை எந்தப் பக்கத்தில் இருக்கின்றன என்பதில்தான் பாதிப் பிரச்சினை என்று அன்றுதான் தெரிந்தது.

“கோட் படித்தாலே புரியுமே, டாக்குமென்டேஷன் எதற்கு” என்று கமெண்டில் ஒருவர் வருவார். ஐயா, உங்களுக்குப் புரியும், சந்தோஷம்.

பிறகு ஒருநாள் எங்கள் டீமில் புதிதாகச் சேர்ந்த பெண்ணை டாக்குமென்டேஷன் முன்னால் உட்கார வைத்து, நான் பக்கத்தில் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்தேன். நாற்பது நிமிடம். வாயை மூடிக்கொண்டு இருப்பதுதான் கஷ்டம், கை பரபரக்கும். ஒரு கோட் துண்டை எந்த ஃபைலில் ஒட்டுவது என்று தெரியாமல் மூன்று முறை நின்றார், ஏனென்றால் மேலே ஃபைல் பெயர் இல்லை. இன்னொரு துண்டில், வேறு இடத்துக் கோடை வரவழைக்கும் இம்போர்ட் வரிகளை விட்டுவிட்டிருந்தார்கள். தேடல் பெட்டியில் “லாகின்” என்று அடித்தார். பக்கத்தின் தலைப்போ “ஆதென்டிகேஷன்”, உள்ளே எங்கும் லாகின் என்ற சொல்லே இல்லை. இவை ஒவ்வொன்றும் ஐந்து நிமிடத்தில் திருத்தக்கூடியவை. இதற்கு முன்பு அந்தப் பக்கங்களை நான் நூறு முறையாவது பார்த்திருப்பேன், ஒன்றும் கண்ணில் பட்டதில்லை.

பழைய பதிப்புப் பிரச்சினையை நீங்களும் பார்த்திருப்பீர்கள். தேடுபொறி நம்மைப் பழைய பக்கத்தில் கொண்டுபோய் விடும். ஜாங்கோவில் 2017-இல் வந்த 2.0 பதிப்பிலிருந்து ஒரு டேபிளை இன்னொன்றோடு இணைக்கும் ஃபாரின் கீ எழுதும்போது, இணைந்தது அழிந்தால் என்ன செய்வது என்று சொல்லும் ஆன் டிலீட் கட்டாயம். யூஆர்எல் எழுதும் பழைய ஃபங்ஷன் 2021-இல் 4.0-இல் நீக்கப்பட்டது. பழைய பாடத்தைப் பார்த்து அடிப்பவருக்கு எரர்தான் கிடைக்கும். ஜாங்கோவில், ஆதரவு முடிந்த பதிப்பின் பக்கங்களில், இது பாதுகாப்பற்ற பழைய பதிப்பு என்று தலையிலேயே எச்சரிக்கை போடுகிறார்கள். உங்கள் ஃபிரேம்வொர்க்கில் அது இல்லையென்றால் அதைக் கேட்டு ஒரு இஷ்யூ போடுங்கள். ஒரு டெம்ப்ளேட்டை மாற்றினால் எல்லாப் பழைய பக்கத்துக்கும் வந்துவிடும்.

கோர் டீமோடு நல்ல உறவு வந்தபின் கேட்க வேண்டியது இன்னொன்று: புது வசதிக்கான பேட்ச்சிலேயே அதன் டாக்குமென்டேஷனும் இருக்க வேண்டும் என்ற விதி. ஜாங்கோவில் அப்படித்தான், கோட், டாக்குமென்டேஷன் இரண்டும் ஒரே ரெப்பாசிட்டரியில் (ஃபைல் களஞ்சியத்தில்) இருக்கின்றன. இதை முதல் வாரமே போய்க் கேட்காதீர்கள், விரட்டிவிடுவார்கள்.

இங்கே கேள்விக்குச் சம்பந்தமில்லாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், மனசு ஆறவில்லை. அந்த வருட அப்ரைசலில் இந்த வேலையை எழுதியிருந்தேன். எங்கள் டீமில் எல்லோருக்கும் இரண்டு நாள் மிச்சமாகும் வேலை. மேனேஜர் படித்துவிட்டு, “ஓ, ஸ்பெல்லிங் எல்லாம் திருத்தியிருக்கிறீர்களா” என்றார். அதே காலாண்டில் யாரும் பயன்படுத்தாத ஒரு டாஷ்போர்டை எழுதியவருக்குப் பாராட்டு மெயில். கோட் பகிரும் தளமான கிட்ஹப் 2017-இல் எடுத்த ஓப்பன் சோர்ஸ் சர்வேயில், டாக்குமென்டேஷன் அரைகுறையாகவோ பழையதாகவோ இருப்பதைப் பார்த்ததாக 93 சதவீதம் பேர் சொன்னார்கள். பங்களிப்பவர்களில் 60 சதவீதம் பேர் டாக்குமென்டேஷனுக்கு அரிதாகவோ அல்லது ஒருபோதுமோ பங்களிப்பதில்லை என்றார்கள். என் மேனேஜர் போல ஒவ்வோர் ஆபீஸிலும் ஒருவர் இருந்தால் வேறென்ன நடக்கும்? ஆங்கிலம் சுமாராக இருக்கிறதே என்று தயங்கினால் அது வேண்டாம், என்னுடையதும் சுமார்தான். வாக்கியத்தை அவர்கள் திருத்திக்கொள்வார்கள். எங்கே மாட்டிக்கொண்டீர்கள் என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

போன மாதம் அந்த மூன்று வரி இன்னும் இருக்கிறதா என்று போய்ப் பார்த்தேன். பக்கத்தையே முழுதாக மாற்றி எழுதியிருக்கிறார்கள், என் வரிகளில் ஒன்றுகூட இல்லை. விஷயம் இருக்கிறது, நான் எழுதியதைவிடத் தெளிவாகவே இருக்கிறது. ஆனால் “எளிதாக” இரண்டு இடத்தில் வந்திருக்கிறது. இஷ்யூ போட்டிருக்கிறேன், இதுவரை யாரும் மூடவில்லை.