சுற்றிக்கொண்டே இருக்கும் ஸ்குரூ

கேள்வி: கனடாவின் ஒன்டாரியோவில் வசிக்கிறோம். 1994-ஆம் ஆண்டில் தயாரான மோட்டார் ஹோம் (உள்ளேயே தங்கும் வசதியுள்ள வண்டி) ஒன்றைப் பழையதாக வாங்கியிருக்கிறோம். ஏறி இறங்கும் கதவு தொய்ந்து, வாசலின் கீழ்ச் சட்டத்தில் உரசுகிறது. தூக்கிப் பிடித்தால்தான் பூட்டு விழுகிறது. மேல் பிணைச்சலில் உள்ள ஸ்குரூக்கள் எவ்வளவு திருகினாலும் இறுகாமல் சுற்றுகின்றன. நீளமான ஸ்குரூ போட்டால் சரியாகிவிடுமா?

பதில்: சில மாதங்களுக்குத் தாங்கலாம், ஆனாலும் அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். வாசல் விளக்குக்கும் படி விளக்குக்கும் செல்லும் மின்கம்பிகள் பெரும்பாலும் கதவை ஒட்டிய சுவருக்குள்தான் ஓடுகின்றன. நீள ஸ்குரூ அவற்றைத் துளைத்துவிடக்கூடும். (பிணைச்சல் என்ற அருமையான சொல்லை எழுதியிருக்கிறீர்கள், தமிழ்நாட்டு வாசகர்களுக்காக இனிக் கீல் என்கிறேன்.)

முதலில் வண்டியைச் சமதளத்தில் நிறுத்துங்கள். ஒரு மூலை மட்டும் ஜாக்கியில் உயர்ந்திருந்தால் உடல் முறுக்கிக்கொண்டு நல்ல கதவும் உரசும். பிறகு கதவைப் பாதி திறந்து, கைப்பிடிப் பக்கத்தை மெல்லத் தூக்க, இன்னொருவர் கீலைக் கவனிக்கட்டும். கீலின் தகடு சுவரை விட்டு அசைந்தால் கோளாறு ஸ்குரூவின் பிடிமானத்தில். தகடு அசையாமல் நடு ஊசி மட்டும் ஆடினால் கீலே தேய்ந்திருக்கிறது, மாற்றத்தான் வேண்டும்.

உங்கள் வண்டியில் முதல் வகைக்கே வாய்ப்பு அதிகம். அக்கால வண்டிகள் பலவற்றில் சுவர் என்பது மெல்லிய மரச்சட்டங்கள், இடையில் நுரைப்பலகை, வெளியே அலுமினியம் அல்லது ஃபைபர் தகடு, உள்ளே மெல்லிய பிளைவுட், அவ்வளவுதான். கீலின் பின்னால் ஒட்டிய அடைப்பு நாடா ஆண்டுகள் செல்லச் செல்ல உலர்ந்து வெடிக்கும்போது, மழைநீர் ஸ்குரூவின் புரிகளைப் பிடித்துக்கொண்டே உள்ளே இறங்கி, அது பற்றியிருக்கும் மரத்தையே ஊறவைத்துவிடுகிறது. ஆகவே ஒரு ஸ்குரூவைக் கழற்றி வெளிச்சத்தில் பாருங்கள். புரிகளில் வெளிர்நிற மரத்தூள் இருந்தால் துளை தேய்ந்திருக்கிறது, அவ்வளவே. துருவும் கருத்த ஈர நாரும் ஒட்டி வந்தால் மரம் உளுத்திருக்கிறது. துளைக்குள் குத்தூசியால் குத்தியும் உறுதிசெய்துகொள்ளுங்கள்.

மரம் திடமாக இருந்தால் வேலை எளிது. கதவின் அடியில் ஆப்பு வைத்துத் தாங்கி, ஒரு நேரத்தில் ஒரு கீலை மட்டும் கழற்றுங்கள். துளையைச் சற்றே அகலப்படுத்தி, நீர் புகாத மரப்பசை தடவிய மேப்பிள் அல்லது ஓக் உருளைக்குச்சியை இறுக அடித்து, 24 மணி நேரம் உலரவிட்டு, உளியால் சமமாகச் சீவி, ஸ்குரூவைவிடச் சிறிய வழித்துளை இட்ட பிறகே முடுக்க வேண்டும். பல்குச்சியும் பசையும் வைத்து அடைக்கும் பழைய வித்தை சமையலறை அலமாரிக்குப் போதும். காற்றில் படாரென்று அடித்துக்கொள்ளும் வாசல் கதவுக்குப் போதாது.

மரம் மேலோட்டமாக மென்மையாகியிருந்தால், நன்கு உலர்த்திய பின் மரத்துக்குள் ஊடுருவும் எபாக்ஸியை (இரண்டு பகுதிகளைக் கலந்ததும் கெட்டியாகும் பசை) ஊறவிட்டு, கெட்டியான எபாக்ஸியால் நிரப்பலாம். குத்தூசி தடையின்றி இறங்கினால் மட்டும், உட்புறப் பலகையை வெட்டி அந்தச் சட்டத்தை மாற்றுங்கள்.

புதிய ஸ்குரூக்கள் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலாக இருக்கட்டும். அலுமினியத்தோடு அவை நேரடியாக உரசும் இடத்தில், ஈரமும் உங்கள் ஊர்க் குளிர்காலச் சாலை உப்பும் சேர்ந்தால் அலுமினியம் வெண்பொடியாக அரிக்கும். எனவே கீலின் பின்னாலும் ஸ்குரூத் தலையின் அடியிலும் பியூட்டில் நாடா (நீர் புகாமல் அடைக்கும், ரப்பர் போன்ற ஒட்டு நாடா) வையுங்கள். சிலிக்கோன் வேண்டாம், அதன் படிவின் மேல் அடுத்த முறை எதுவும் ஒட்டாது.

பசையும் எபாக்ஸியும் குளிரில் சரியாக இறுகாது என்பதால் கோடையிலேயே இதைச் செய்துவிடுங்கள். கீலை மாட்டும் முன், வாசலுக்கு மேலுள்ள விளக்கின் விளிம்பையும் கூரை ஓர இணைப்பையும் ஏணி வைத்துப் பாருங்கள். கீலருகே உளுத்த மரத்துக்குத் தண்ணீர் பல வேளைகளில் அங்கிருந்துதான் இறங்கி வருகிறது.