நம் மனதில் இருப்பதெல்லாம் கடவுளுக்குத் தெரியும் என்பது உங்களுக்கு ஆறுதலா, பயமா?

இரண்டும்தான். முதலில் பயம், அதுவும் வருடக்கணக்காக. பிறகு அப்பரின் தேவாரம் ஒன்று அதை ஆறுதலாக மாற்றியது.

எங்கள் ஊர் முல்லைத்தீவுப் பக்கத்து முள்ளியவளை. கடைசி யுத்தத்தில், 2009 சித்திரையில் மாத்தளனில் இருந்து கடல்நீரேரித் தண்ணீருக்குள்ளால் வெளியே வந்த சனத்தோடு நாங்களும் வந்தோம். அம்மம்மாவுக்கு நடக்க ஏலாது. அண்ணாவும் நானும் அவரை ஒரு பிளாஸ்டிக் கதிரையில் இருத்திக் காவிக்கொண்டு வந்தோம், சேற்றில் கால் புதைகிறது, கை மரத்துப்போய்விட்டது, பின்னால் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கிறது, அப்போது ஓர் இடத்தில் எனக்குள் ஒரு நினைப்பு வந்தது: இவ இப்பவே போய்விட்டால் எங்களுக்கு இலேசு. ஒரு கணம்தான். வாயால் சொல்லவில்லை. கதிரையை விடவும் இல்லை.

செட்டிகுளம் முகாமுக்கு வந்து மூன்றாம் கிழமை அம்மம்மா தறப்பாள் கொட்டிலுக்குள் இறந்துபோனார். செத்தவீட்டில் சுண்ணப்பொடி இடித்துத் திருவாசகத்தின் திருப்பொற்சுண்ணம் பாடுவது எங்கள் வழமை. அவருக்கு அதுகூட நடக்கவில்லை. அதன்பிறகு சொந்தக்காரர் யாரைக் கண்டாலும், "பேத்தி என்றால் இப்படி இருக்கவேணும், கதிரையில் தூக்கிக்கொண்டு வந்த பிள்ளை" என்பார்கள். அந்தப் புகழ்ச்சியைக் கேட்கும்போதெல்லாம் எழும்பி ஓடவேண்டும் போல இருக்கும். கோயிலில் கும்பிடுவேன், ஆனால் அந்தப் பக்கம் மட்டும் நினைப்பைப் போகவிடாமல் கும்பிடுவேன்.

ஊருக்குத் திரும்பிய பிறகு காட்டா விநாயகர் கோயிலில் பஞ்சபுராணம் பாட என்னைக் கேட்பார்கள். தேவாரம், திருவாசகம், திருவிசைப்பா, திருப்பல்லாண்டு, புராணம் என்ற ஐந்தையும் சின்ன வயதில் எனக்குப் பழக்கியவர் அம்மம்மாதான். ஒருநாள் எந்தத் தேவாரம் பாடலாம் என்று நாலாம் திருமுறையைப் புரட்டிக்கொண்டிருந்தபோது இது கண்ணில் பட்டது. "கள்ளனேன் கள்ளத் தொண்டாய்க் காலத்தைக் கழித்துப் போக்கி" என்று தொடங்குகிறது. அதைப் பாடியவர் சமணத்தில் தருமசேனராக இருந்து, சூலை நோயோடு தமக்கை திலகவதியாரிடம் திரும்பி வந்த மனிதர். முடிவு இப்படி:

"உள்குவார் உள்கிற்றெல்லாம் உடனிருந்து அறிதி என்று
வெள்கினேன் வெள்கி நானும் விலாஇறச் சிரித்திட்டேனே"

நினைக்கிறவர் நினைப்பதையெல்லாம் கூட இருந்தே நீ அறிகிறாய் என்று தெரிந்து வெட்கப்பட்டேன், வெட்கப்பட்டு விலா முறியச் சிரித்தேன் என்கிறார். வெட்கம் எனக்கு உடனே விளங்கியது. சிரிப்பு விளங்கவில்லை. அழவேண்டிய இடத்தில் ஏன் சிரிக்கிறார்?

'உடனிருந்து' என்ற சொல்லில்தான் பிறகு பிடி கிடைத்தது. அதுவரை நான் கடவுளை மேலே எங்கேயோ இருந்து கணக்கு எழுதுகிறவராகவே நினைத்திருந்தேன். அப்பர் சொல்கிறபடி பார்த்தால் அவர் அந்தத் தண்ணீருக்குள் எங்களோடு கதிரையைப் பிடித்துக்கொண்டு வந்திருக்கிறார், அந்த நினைப்பு வந்த நேரத்தில் என் கை எப்படி நொந்தது, நான் எவ்வளவு பயந்துபோய் இருந்தேன், அடுத்த அடியில் கதிரையை இன்னும் இறுக்கிப் பிடித்தேன் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். ஊருக்கு என்னில் பாதிதான் தெரியும். எனக்கு மற்றப் பாதிதான் தெரிந்தது. இரண்டையும் ஒன்றாகப் பார்த்தவர் அவர் ஒருவர்தான், அவருக்கா இத்தனை வருடம் ஒளித்தேன் என்று நினைக்க எனக்கும் சிரிப்பு வந்தது, கண்ணீரோடு.

முல்லைத்தீவுக் கரையில் இருக்கும் என் சிநேகிதி கத்தோலிக்கர். நான் உட்காருவதும் எழும்புவதும் உமக்குத் தெரியும் என்று வருகிற 139ஆம் திருப்பாடலை அவள் இதே மாதிரித்தான் பிடித்துக்கொண்டிருக்கிறாள், அவளுக்கும் கடற்கரையில் விட்டுவந்த கதை ஒன்று இருக்கிறது, நான் கேட்டதில்லை.

அண்ணாவுக்கு நான் இன்னும் சொல்லவில்லை. போன திவசத்தன்று எல்லாரும் சாப்பிட்டுப் போன பிறகு அம்மம்மாவின் படத்துக்கு முன்னால் இருந்து அந்தத் தேவாரத்தைப் பாடினேன். 'வெள்கினேன்' என்ற இடத்தில் குரல் உடைந்துவிட்டது. திரும்ப முதலில் இருந்து பாடினேன்.