ஐம்பது டெசிபல் காது பிளக் வேண்டாம், ஒழுங்காகத் திரிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

கேள்வி: மேலூர் பக்கம் எங்கள் கிராமம். பொங்கல் மூன்று நாளும் உருமி, தப்பு, டிஜே பாக்ஸ். போன வருடம் பாக்ஸுக்கு முன்னால் நின்று ஆடிவிட்டு இரண்டு நாள் காதில் 'ஙொய்' என்று இரைச்சல். மச்சான் ஆன்லைனில் '50 டெசிபல் தடுக்கும்' பிளக்கை 1,800 ரூபாய்க்கு வாங்கச் சொல்கிறார். அம்மாவுக்கு ஒரு காதில் அவ்வப்போது சீழ் வடியும். அவருக்கும் அதையே வாங்கலாமா?

பதில்: அந்த 1,800 ரூபாய் உங்கள் பையிலேயே இருக்கட்டும். காதை எவ்வளவு இறுக்கி அடைத்தாலும் மண்டை எலும்பு வழியாக ஓரளவு சத்தம் உள்ளே போய்விடும். அதனால் காதுக்குள் வைக்கும் எந்தப் பிளக்கும் 50 டெசிபல் தடுக்காது. நல்ல ஃபோம் பிளக் பாக்கெட்டில் என்.ஆர்.ஆர். (எத்தனை டெசிபல் தடுக்கும் என்ற அளவு) 33 வரை அச்சிட்டிருக்கும். அதுவும் ஆய்வகக் கணக்குதான். அதில் 7 கழித்துப் பாதியாக்குங்கள். திருவிழாக் கூட்டத்தில் கிடைப்பது 13.

அந்த 13 போதுமா? பாக்ஸ் சத்தம் 100 டெசிபல் என்று வைத்துக்கொண்டால், அதில் காது தாங்குவது கால் மணி நேரம். மூன்று டெசிபல் குறையக் குறைய நேரம் இரட்டிக்கும். 13 குறைந்தால் ஏறக்குறைய ஐந்து மணி நேரம். ஹெல்மெட், கையுறை விற்கும் சேப்டி சாமான் கடையில் பத்து, இருபது ரூபாய்க்குக் கிடைக்கும் ஃபோம் பிளக் இதைச் செய்துவிடும், சரியாகப் போட்டால்.

பெரும்பாலோர் சரியாகப் போடுவதில்லை. நுனியை மட்டும் காதில் செருகிவிட்டு 'ஒன்றும் கேட்பது குறையவில்லையே' என்கிறார்கள். கையைக் கழுவித் துடைத்துவிட்டு, பிளக்கை மடிப்பு விழாமல் விளக்குத் திரி மாதிரி மெல்லிசாகத் திரியுங்கள். வலது காதுக்கு, இடது கையைத் தலைக்கு மேலாகக் கொண்டுவந்து காது மடலை மேலும் பின்னுமாக இழுங்கள், துவாரம் நேராகும். உடனே உள்ளே விட்டு, அரை நிமிடம் விரலால் பிடித்திருங்கள், ஃபோம் விரிந்து அடைக்கும் வரை. பிறகு இரண்டு உள்ளங்கையாலும் காதைப் பொத்திப் பாருங்கள். சத்தம் இன்னும் நன்றாகக் குறைந்தால் பிளக் சரியாக உட்காரவில்லை, எடுத்துத் திரும்பப் போடுங்கள். மாமனிடம் பேச வேண்டும் என்று பாக்ஸுக்குப் பக்கத்திலேயே கழற்றாதீர்கள். நாலு மணி நேரத்தில் கால் மணி கழற்றினாலே, 30 தடுக்கும் பிளக் 12 தடுத்த கணக்காகிவிடும்.

பஞ்சு வைப்பது மனசுக்குத்தான் ஆறுதல். பாட்டு மங்காமல் கேட்க வேண்டுமென்றால் ஃபில்டர் வைத்த சிலிக்கான் பிளக் உண்டு. வாசிப்பவர்களுக்கு அது நல்லது, ஆடுபவருக்கு ஃபோமே போதும்.

அம்மா விஷயம் வேறு. சீழ் வடிகிறது என்றால் செவிப்பறையில் ஓட்டை இருக்கக்கூடும். அந்தக் காதில் ஃபோம், சிலிக்கான், பஞ்சு, எண்ணெய் எதுவும் போகக் கூடாது. அடைத்தால் ஈரம் உள்ளேயே தங்கிச் சீழ் கூடும். இப்போது வடியவில்லை, காய்ந்திருக்கிறது என்றாலும் கூடாது. இன்னொரு காது நன்றாகத்தானே இருக்கிறது, அதில் மட்டும் வைக்கலாமா என்றால், வைக்கலாம். ஆனால் சீழ்க் காது திறந்தே கிடக்கும். ஆகவே இரண்டு காதையும் வெளியிலிருந்து மூடும் இயர்மஃப் வாங்குங்கள், சில நூறு ரூபாய்தான் ஆகும். மெத்தை காதைச் சுற்றித் தோலில் படிய வேண்டும். நடுவில் முந்தானையோ பூவோ மாட்டினால் சத்தம் அந்த இடுக்கில் நுழைந்துவிடும். அம்மா வீட்டிலேயே இருப்பதானால் பாக்ஸுக்கு எதிர்த்த அறையை விட்டுப் பின்கட்டுக்கு மாற்றுங்கள். திறந்த வெளியில் தூரம் இரட்டித்தால் 6 டெசிபல் வரை குறையும், காசில்லாமல்.

நியாயமாகப் பார்த்தால் உங்களுக்குப் பிளக்கே தேவைப்படக் கூடாது. 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிப்படி பொது இடத்தின் எல்லையில் 75 டெசிபலைத் தாண்டக் கூடாது. இரவு பத்திலிருந்து காலை ஆறு வரை திறந்த வெளியில் ஒலிபெருக்கி கூடாது. விழாக்களுக்காக, வருடத்தில் 15 நாளுக்கு மிகாமல், நள்ளிரவு வரை அரசு தளர்த்தலாம். அந்த ஒரு தளர்வைத்தான் எல்லாரும் மனப்பாடமாக வைத்திருக்கிறார்கள். அனுமதிக் கடிதத்தில் 'இரண்டு பாக்ஸ்', கம்பத்தில் ஆறு குழாய். அளவுமானியோடு ஒருவர் வந்து நின்று பார்த்தால்தானே!

கடைசியாக ஒன்று. திருவிழா முடிந்த கையோடு 'இலவச காது டெஸ்ட்' பேனர் கண்ணில் படும். காது களைத்திருக்கும் மறுநாள் சோதித்தால் மந்தம் காட்டத்தான் செய்யும். அது பலருக்குத் தானாகத் தெளிந்துவிடக் கூடியது. அதற்குள் தவணையில் காது மெஷினைத் தலையில் கட்டிவிடுவார்கள், அனுப்பி வைத்த ஆளுக்கும் கமிஷன் போகும். இரண்டு மூன்று நாள் அமைதியாக இருந்து பாருங்கள். இரைச்சல் போகவில்லையென்றால் காது மூக்கு தொண்டை டாக்டரிடம் காட்டுங்கள். மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையில் அந்தப் பிரிவு இருக்கிறது. ஒரு காது திடீரென்று அடைத்துக் கேட்காமல் போனால் மட்டும் காத்திருக்காதீர்கள், அன்றைக்கே போங்கள்.