அழிந்துவரும் கடல்நாய்களைத் தொண்டர்கள் ஒவ்வொன்றாக அடையாளம் காண்கிறார்களாமே, படிக்காத சாதாரண ஆட்களால் அது முடியுமா?

முடியும். அந்தப் 'படிக்காத' என்ற சொல்லுக்காகத்தான் பதில் எழுதவே உட்கார்ந்தேன்.

ஹவாயில் உள்ள மங்க் சீல் என்ற கடல்நாய் மொத்தமே ஏறக்குறைய 1,600தான். பின் துடுப்பில் அடையாள அட்டை குத்தியிருப்பார்கள். ரோமத்தில் ப்ளீச் வைத்து இலக்கமும் எழுதுவார்கள். ஆனால் வருடத்துக்கு ஒருமுறை அது ரோமத்தைத் தோலோடு உதிர்க்கும், இலக்கமும் கூடவே போய்விடும். அட்டையும் இல்லாவிட்டால் கைகொடுப்பது சுறா கடித்த வடு, வலை அறுத்த தழும்பு போன்றவைதான். தொண்டர்கள் 50 அடி தள்ளி நின்று அவற்றைப் படம் எடுக்கிறார்கள். குட்டியோடு இருந்தால் 150 அடி.

நான் கடல்நாயைக் கண்டவன் இல்லை. இலங்கை மலையகத்தில், மஸ்கெலியாப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில் (தொழிலாளர் வரிசை வீட்டில்) பிறந்தவன். எங்களுக்கு வாய்த்தது புலி. (சிறுத்தை என்று திருத்த வராதீர்கள், தோட்டத்தில் புலி என்றுதான் சொல்வோம்.) சில வருடங்களுக்கு முன் ஓர் ஆய்வுக் குழு எங்கள் காட்டோரத்தில் தானியங்கிக் கெமரா கட்டியது. பெட்டரி மாற்ற என்னைச் சேர்த்துக்கொண்டார்கள்.

புலியின் புள்ளிகள் நம் கைரேகை மாதிரி, ஒன்றுக்கு இருப்பது இன்னொன்றுக்கு இருக்காது. ஒருநாள் இரண்டு படத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். புள்ளி ஒத்துவரவில்லை. சரி, இரண்டு புலி என்று முடிவுகட்டி, குழுவில் இருந்த மிஸ்ஸிடம் சொல்வதற்கு முன்னாலேயே லயம் முழுக்கச் சொல்லிவிட்டேன். மறுநாள் பிரட்டுக்களத்தில் (காலையில் வேலை பிரித்துக்கொடுக்கும் இடம்) அந்த மலைக்குக் கொழுந்தெடுக்கப் போகமாட்டோம் என்று பெண்கள் நின்றுவிட்டார்கள். சிலருக்கு அன்றைக்கு அரைப்பேர்தான், அதாவது அரைநாள் சம்பளம்தான் விழுந்தது. கங்காணி என்னைத் தேடி வீட்டுக்கே வந்தார்.

அம்மா மூன்றாம் வகுப்போடு கூடையைத் தூக்கியவர். படத்தை வாங்கிப் பார்த்தார்.

"ரெண்டு என்னடா ரெண்டு? காதப் பாரு. நம்ம நாயத் தூக்கிட்டுப் போனது இதுதான்."

இரண்டு படத்திலும் இடது காது நுனி கிழிந்திருந்தது. நான் விலாவையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். அதிலும் ஒன்று இட விலா, மற்றது வல விலா! ஒரே புலிக்கு இரண்டு பக்கமும் புள்ளி வேறு வேறாகத்தான் இருக்கும். அதனால்தான் பாதையின் இரு பக்கமும் எதிரெதிராகக் கெமரா கட்டுகிறார்கள். எங்களுடையதில் ஒன்று பெட்டரி இறங்கிக் கிடந்தது. மாற்ற வேண்டியவன் நான்.

ஒரு காதை வைத்து முடிவெடுக்கலாமா என்று விலங்கியல் படித்தவர்கள் கேட்பீர்கள். கூடாதுதான். மிஸ்ஸும் அம்மா சொன்னதைக் குறித்துக்கொண்டாரே தவிர புலிக்கு அடையாள இலக்கம் கொடுக்கவில்லை. மூன்று வாரம் கழித்து இரண்டு கெமராவிலும் ஒரே நேரத்தில் விழுந்தது. ஒரே புலி.

தோட்டத்து ஆட்கள் சுருக்கு வைத்துப் புலியைக் கொல்கிறவர்கள்தானே என்றும் யாராவது எழுதுவார்கள். 2020 மே மாதம் நல்லதண்ணிப் பக்கம் கருஞ்சிறுத்தை ஒன்று சுருக்கில் சிக்கிச் செத்தது உண்மை. காட்டுப்பன்றிக்குச் சுருக்கு வைக்கிறவர்கள் எங்களுக்குள்ளும் இருக்கிறார்கள், மறுக்கவில்லை. எங்கள் மலையில் சுருக்கைக் கண்டுபிடித்து வந்து சொன்னவர்களும் கொழுந்தெடுக்கும் பெண்கள்தான்.

அந்தப் புலிக்கு இலக்கம் கிடைத்தது. எங்கள் லயத்து வீட்டுக்கு இன்னும் இல்லை. கடிதமெல்லாம் தோட்டத்துப் பெயருக்கு மொத்தமாக வரும். எனக்கு வந்த நேர்முகத் தேர்வுக் கடிதம் தேதி முடிந்து ஒன்பதாம் நாள் கையில் கிடைத்தது. கேட்டால், அந்தப் பெயரில் மூன்று பேர் இருக்கிறார்களாம். இதைத் தனியாக எழுத வேண்டும், இங்கே வேண்டாம்.

நீங்கள் கடற்கரைத் தொண்டராகச் சேர யோசித்துத்தான் கேட்டிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். சேர்ந்தால், எடுக்கிற ஒவ்வொரு படத்துக்கும் இடப்பக்கமா வலப்பக்கமா என்று அங்கேயே எழுதிவிடுங்கள். பெட்டரியையும் பார்த்துக்கொள்ளுங்கள்.